லயத்துச் சுவரைத் துடைத்தவர்கள்

நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகம் தரும்படி ஓர் அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகம் தரும் அனுபவங்கள் எனக்கும் உண்டு. பிரியாவிடை விருந்துகளில் அவற்றை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். விருந்தில் சொல்ல முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் அரிய நூல் பிரிவில் வேலை செய்தவள். அரிய நூல் என்றதும் உங்களுக்கு ஓலைச்சுவடிகளும் பழைய அச்சுப் புத்தகங்களும் நினைவுக்கு வரும். எங்கள் அலுமாரிகளில் அவற்றோடு கலைஞர் நூல்களும் இருந்தன. ஓர் ஓவியரோ சிற்பியோ தன் கையால் ஒரே ஒரு பிரதி செய்யும் புத்தகம் அது. அதில் எழுத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தாள், நூல், கறை, கனம் எல்லாமே அதில் வாசிக்க வேண்டியவை.

அப்படி ஒன்றை ஸ்டெல்லா என்ற ஓவியரிடமிருந்து வாங்கினோம். அவர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வாழ்ந்த லயத்தை, தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளை, இடித்தபோது, அறையின் உட்சுவரில் ஒட்டியிருந்த செய்தித்தாள்களை அவர் பாளம் பாளமாகப் பெயர்த்தெடுத்தார். குளிர் ஏறாமலும் சுவர் உதிராமலும் இருக்க லய அறைகளில் தாள் ஒட்டுவார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி அது அட்டைபோல் தடித்துவிடும். அந்தப் பாளங்கள்தான் பக்கங்கள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணிதான் மேலட்டை.

பக்கங்களில் அச்செழுத்து எதுவும் தெரியாது. விறகடுப்பின் புகை அவ்வளவு கரியாகப் படிந்திருந்தது. ஆனால் அந்தக் கரியில் படங்கள் இருந்தன. சாமி படம் தொங்கிய இடத்தில் வெளிறிய ஒரு சதுரம். ஸ்டெல்லாவின் அண்ணன் வெளியூர் வேலைக்குப் போகும்வரை ஆணியில் தொங்கிய சட்டையின் தோள். அடுப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்த அகப்பைகளின் வடிவம். ஸ்டெல்லா இவற்றில் ஒரு கோடுகூட வரையவில்லை. இருந்ததை இருந்தபடி தைத்திருந்தார்.

அந்தக் கரி உதிராமல் இருக்க அவர் எதையும் பூசவுமில்லை. வேண்டுமென்றுதான்.

"படிக்கிறவங்க கையில ஒட்டணும் அக்கா. ஒட்டி ஒட்டி ஒருநாள் தீர்ந்துபோகும். தீரட்டும். ஆனா ஒவ்வொருத்தர் கையிலயும் கொஞ்சம் கொஞ்சமாப் போகணும்" என்றார்.

கெடாமல் வைத்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவளிடம், கெடட்டும் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? வாதாடிப் பார்த்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன். அந்தப் புத்தகத்துக்குக் கையுறை கிடையாது. வாசிப்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீரும் ஒரு துவாயும் வைத்தோம். சில வாசகர்கள் கழுவாமலே எழுந்து போவார்கள். கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே படியிறங்குவார்கள். நம் நூலகத்தில் அதைவிட நன்றாக வாசிக்கப்பட்ட புத்தகத்தை நான் கண்டதில்லை.

நூலகத்தின் அப்போதைய பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். பழைய அச்சு நூல்களில் தேர்ந்தவர். இந்த இடத்தில் "அவர் கெட்டவர் அல்ல" என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அவர் ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார். நூலகத்துக்கு உதவி செய்யும் ஒரு நாட்டின் தூதுவருடைய மனைவி வந்து திறந்துவைப்பதாக முடிவாயிற்று. ஸ்டெல்லாவின் புத்தகத்தை அவர் பக்கம் பக்கமாகப் புரட்ட, கமெராக்காரர்கள் படமெடுக்க வேண்டும். விளம்பரப் புத்தகத்தின் முகப்பிலும் அந்தப் புத்தகம்தான். அந்த வாரம் எனக்குக் கடும் காய்ச்சல். திறப்பு விழா நாளன்று காலையில்தான் எழுந்து வேலைக்கு வந்தேன்.

வந்ததும் அந்தப் புத்தகத்தின் பெட்டியைத் திறந்தேன். திறந்தவுடனே தெரிந்துவிட்டது. வழக்கமாக மூக்கில் ஏறும் புகை வாசம் இல்லை.

முதல் பக்கத்தைப் புரட்டினேன். சினிமா விளம்பரம் ஒன்று, மரண அறிவித்தல் ஒன்று, தேயிலை ஏல விலைகள். எல்லாம் தெளிவாக வாசிக்க முடிந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. சதுரம் இல்லை, தோள் இல்லை, அகப்பை இல்லை. பழைய பேப்பர் இருந்தது.

பராமரிப்புப் பிரிவில் நஸீர் மட்டும் இருந்தார். அக்குறணையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும், தற்காலிக நியமனத்தில் இருந்த பணியாளர். வேலை சுத்தமாக இருக்கும்.

"நஸீர், இதை யாரு தொட்டது?"

"மிஸ் முதல்ல கதிரைல இருங்க. காய்ச்சல் விட்டிச்சா?"

"யாரு தொட்டது?"

"நான்தான். கரி எடுக்கிற ரப்பர் ஸ்பொஞ்சால." அவர் குப்பைக் கூடையைக் காட்டினார். கரிக்கட்டிகள்போல் கறுத்த ஸ்பொஞ்சுத் துண்டுகள் கூடை நிறையக் கிடந்தன. "மிஸ்ட சாமான் இது, மிஸ் வரட்டும்ண்டு சொன்னேன். ‘அந்த அம்மாட கையில கரி பட்டா நீரோ போய்க் கழுவிவிடப்போறீர்?’ண்டு டிரெக்டர் கேட்டாரு. எனக்கு இன்னும் பேர்மனண்ட் வரல்ல மிஸ்."

"எல்லாப் பக்கமுமா?"

"எல்லாம். நல்லா வந்திச்சி." சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நன்றாகத்தான் வந்திருந்தது. ஒரு நார் கிழியவில்லை, ஒரு மூலை மடங்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கைத்திறன் இல்லாதவர் அந்தப் புத்தகத்தை இவ்வளவு முழுதாக அழித்திருக்க முடியாது. பாதியில் கிழித்துப் பயந்து நிறுத்தியிருப்பார். மீதியாவது தப்பியிருக்கும்.

பணிப்பாளரின் அறைக்குப் போனேன். அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"எழும்பி வந்திட்டீரே, நல்லது. புத்தகத்தைப் பார்த்தீரோ? இப்பதான் அது புத்தகம் மாதிரி இருக்கு."

"சேர், அந்தக் கரிதான் புத்தகம்."

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? அழுக்கு அழுக்குத்தானே."

பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்தவரின் மகள் நான். சாமான் வாங்க வரும் தோட்டத்து ஆட்களுக்குக் கதிரை கொடுக்காத கடைகளைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள். அழுக்கு என்ற சொல்லை எந்த ஊரார் எந்த ஊராரைப் பார்த்துச் சொல்வார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருக்கும் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"ஸ்டெல்லாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சேர்?"

"ஏன் கேக்கவேணும்? காசு குடுத்து வாங்கின சாமான். அது எங்கட." கண்ணாடியைப் பார்த்து முடிச்சைச் சரிசெய்தார். "உமக்கு அவ்வளவு கவலையெண்டால் விழா முடியட்டும். ஒரு குப்பி விளக்கைக் கொளுத்திப் புகை பிடிச்சால் முடிஞ்சுது. ஆருக்குத் தெரியப் போகுது? அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதையும்."

நான் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவள். அவருடைய வாக்கியங்களை அன்றைக்கே எழுதிவைத்தேன். ஆகவே ஒரு சொல்லும் கூட்டாமல் தருகிறேன்.

அவருடைய அறையிலிருந்து என் மேசைக்கு வரும் நடையில் நான் முடிவெடுத்தேன். ஸ்டெல்லாவும் அவருடைய அப்பாவும் விழாவுக்கு வருகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டால், கமெராக்களும் கைதட்டலும் நிறைந்த மண்டபத்தில், வெளிநாட்டு விருந்தாளி பக்கம் புரட்டும்போது, அவர்கள் அதைப் பார்ப்பார்கள். சிரித்த முகத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். ஒரு கெட்ட செய்தியைக் கேட்டுக் கத்துவதற்கும் ஒருவருக்கு இடம் வேண்டும். அந்த இடத்தையும் பறித்தால் அது இரண்டாவது அநியாயம். முதலாவதை நான் செய்யவில்லை. இரண்டாவதைச் செய்திருந்தால் அது என்னுடையது.

தொலைபேசியை எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க ஸ்டெல்லா?"

"பஸ்சுக்கு நிக்கிறோம் அக்கா. அப்பா புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு நடக்க மாட்டேங்கிறாரு."

"ஒரு விஷயம் சொல்லணும். உங்க புத்தகத்துல இருந்த கரியைத் துடைச்சிட்டாங்க. நான் லீவுல இருந்தப்ப. திரும்ப வராது."

பஸ் நடத்துநர் யாரையோ உள்ளே ஏறச் சொல்லும் சத்தம் கேட்டது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சட்டை?"

"அதுவும் இல்ல."

"பஸ் வந்திருச்சு. வர்றோம்" என்று வைத்துவிட்டார்.

‘மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று நான் தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வந்திருக்கும். என்ன நடந்தது, திரும்ப வருமா, வராதா. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அவர்கள் வந்தபோது மண்டபத்தில் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா புத்தகத்தைத் தொடவில்லை, மேசைக்கு அப்பால் நின்றார். அவருடைய அப்பா சவரிமுத்துதான் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் புரட்டினார்.

"அட, எழுத்தெல்லாம் தெரியுதே. இந்தப் படத்துக்கு நான் டவுனுக்கு வந்து வரிசையில நின்னேன்." இன்னும் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்குப் பெரிய தொரை வர்றாரா அம்மா?"

எனக்குப் புரியவில்லை.

"கொழும்புலருந்து பெரிய தொரை தோட்டத்தைப் பாக்க வர்றப்ப லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க. ரோட்டுலருந்து தெரியிற பக்கம் மட்டுந்தான். நீங்க உள்பக்கமும் அடிச்சிட்டீங்க. முன்னேத்தந்தான்."

ஸ்டெல்லா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு, பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

பணிப்பாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "வாங்கோ, வாங்கோ. ஐயாவோ அப்பா? உங்கட மகள் பெரிய கெட்டிக்காரி."

"என் பேரை எடுத்திருங்க சேர்" என்றார் ஸ்டெல்லா. "இது நான் செஞ்ச புத்தகம் இல்ல."

"அதெப்பிடி? முகப்பில அடிச்சாச்சே."

பெட்டி பெட்டியாக அச்சாகி வந்திருந்த விளம்பரப் புத்தகங்களை அவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலை முழுவதிலும் அவர் முகத்தில் உண்மையான கவலையை நான் கண்டது அப்போதுதான்.

பெயரை எடுப்பது ஸ்டெல்லாவின் உரிமை. ஆனால் பெயர் போய்விட்டால், அநாமதேயமான பழைய பேப்பர்க் கட்டு ஒன்று மிஞ்சும். அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிராது. பணிப்பாளருக்கு நாளடைவில் அது வசதியாகவும் போய்விடும். ஆகவே ஸ்டெல்லாவையும் அவர் அப்பாவையும் தனியே கூப்பிட்டேன்.

"பேரு இருக்கட்டும் ஸ்டெல்லா. காட்சி அட்டையில எதால செஞ்சதுன்னு ஒரு வரி இருக்கு பாருங்க. ‘செய்தித்தாள், பசை, படங்குத் துணி, அடுப்புப் புகை.’ இப்ப அது பொய். அதைத் திருத்துறது என்னோட வேலை. யாரையும் கேக்கத் தேவையில்ல."

"என்னன்னு திருத்துவீங்க?"

"நடந்ததை."

அவர் அப்பாவைப் பார்த்தார். சவரிமுத்து, "எழுதட்டுமே, காசா பணமா" என்றார்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் தட்டெழுதினேன். ‘செய்தித்தாள், பசை, படங்குத் துணி. அடுப்புப் புகையும் இருந்தது. இந்த நூலகம் அதைத் துடைத்துவிட்டது.’ ஒரு வசைச் சொல் இல்லை. வேண்டியிருக்கவுமில்லை.

பணிப்பாளர் அதை வாசித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இதை எடும்."

"அட்டையை எடுத்தா புத்தகத்தையும் எடுக்கணும் சேர். பொய்யான விவரத்தோட என் பிரிவுச் சாமான் மேசைக்கு வராது."

"நீர் என்ர கீழ வேலை செய்யிறீர். விளங்குதோ?"

"விளங்குது சேர்."

வாசலில் வாகனங்கள் வந்து நின்றன. அவர் பக்கத்து மேசையிலிருந்த பூச்சாடியைத் தூக்கி அட்டைக்கு முன்னால் வைத்துவிட்டு வரவேற்க ஓடினார். சவரிமுத்து வந்து சாடியை இரண்டு கையாலும் தூக்கினார். "பூ நல்லாத்தான் இருக்கு. அங்கிட்டு இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்று ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார்.

தூதுவரின் மனைவியான அந்த அம்மையார் கூட்டத்தோடு வந்தார். கமெராக்கள் மின்னின. ஒரு பக்கம் புரட்டினார், இரண்டாவதைப் புரட்டினார். பிறகு அட்டையை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். "ஏன் துடைத்தீர்கள்?" என்று பணிப்பாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். குற்றம் சாட்டும் குரல் அல்ல, அறிய விரும்பித்தான் கேட்டார்.

பணிப்பாளர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. வாசலோரம் நின்ற நஸீரைக் கையால் காட்டினார். பயிற்சி போதாத தற்காலிக ஊழியர் ஒருவர் அறியாமல் செய்த பிழை என்றும், நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அழகான ஆங்கிலத்தில் சொன்னார்.

நஸீர் விழாவுக்கென்று புதிய சட்டை போட்டிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அவர் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். வாய் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டாலும் போகத்தான் போகிறது என்பது அவருக்கு அந்தக் கணத்தில் தெரிந்திருக்கும்.

புத்தகத்தை அழித்ததைக்கூட அறியாமை என்று சொல்லிவிடலாம். இதை என்னவென்று சொல்வது? காலையில் "ஆருக்குத் தெரியப் போகுது" என்றவர், தெரிந்துவிட்டவுடன், மண்டபத்திலேயே பதில் சொல்ல முடியாத ஒரே ஆளைத் தேடிப் பிடித்தார். அதற்கு அவருக்கு ஒரு மூச்சு நேரமும் தேவைப்படவில்லை.

அந்த அம்மையாருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். "அவருக்குப் போதிய பயிற்சி இருக்கிறது. துடைக்கச் சொன்னவர் பணிப்பாளர். வேண்டாம் என்று நஸீர் சொன்னார். உங்கள் கையில் கரி படக்கூடாது என்பதற்காகச் செய்தார்கள்."

அவர் புத்தகத்திலிருந்து கையை எடுத்தார். முகம் சிவந்துவிட்டது. "நான் அப்படிக் கேட்கவில்லையே" என்றார்.

"இல்லை அம்மா. உங்களையும் யாரும் கேட்கவில்லை."

அதன் பிறகு விழா நடந்தது. நாடா வெட்டினார்கள், பேசினார்கள், பெட்டிஸும் தேநீரும் கொடுத்தார்கள். ஸ்டெல்லாவும் சவரிமுத்துவும் தேநீர் குடிக்காமல் இறங்கிப் போனார்கள். பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனது ஜன்னலில் தெரிந்தது.

என்மேல் விசாரணை வைத்தார்கள். விருந்தாளியின் முன்னால் நிறுவனத்தை ஏன் தலைகுனிய வைத்தீர்கள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நூலகத் துறையில் பட்டம் பெற்றவர்கள். அவர்களில் ஒருவர்கூட, துடைக்கப்பட்ட பக்கங்களில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. அதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. நான் ஒரே ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: உத்தரவிட்டவர் பெயர் எழுதப்படாமல் நஸீரின் பெயர் எந்தக் கடிதத்திலும் வரக்கூடாது. பணிப்பாளரின் பெயரை எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே நஸீரின் பெயரும் எழுதப்படவில்லை. இந்த நாட்டில் சில சமயம் நியாயம் அப்படித்தான் கிடைக்கும்.

என்னைப் பருவ இதழ்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஐம்பத்தைந்து வயதில் நானே விலகிக்கொண்டேன். பணிப்பாளர் காலம் முடிந்து, மாலையும் மரியாதையுமாகப் போனார். ஸ்டெல்லா இப்போதும் புத்தகங்கள் செய்கிறார். நம் நூலகத்துக்கு ஒன்றும் தருவதில்லை. நான் நேரில் போய்க் கேட்டும் தரவில்லை. "உங்களுக்குத் தருவேன் அக்கா. அந்தக் கட்டடத்துக்குத் தரமாட்டேன்" என்றார். அது நியாயம். அவர் மனத்தை மாற்ற முயலும் வேலையை உங்களில் யாரும் செய்ய வேண்டாம்.

நஸீருக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. இன்றைக்கு உங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. ஒரு புத்தகம் மேசைக்கு வந்தால், துணியையோ தூரிகையையோ தொடுமுன், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் கேட்கிறாராம்: "இது அழுக்கா, எழுத்தா?" மேசையில் சாதாரணத் தூசி படிந்த அகராதி கிடந்தாலும் கேட்கிறாராம். நீங்கள் தேநீர் அறையில் அவரைப்போலவே குரல் மாற்றிக் கேட்டுச் சிரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். யார் யார் என்றும் கேள்விப்பட்டேன்.

அடுத்த முறை அவர் உங்களிடம் கேட்கும்போது பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் புத்தகத்திலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.